மொய்யாக வந்த மூன்று மணி நேரம்

ஓர்வா லாம்ப்ரைட் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குதிகாலைத்தான் வைப்பார். முழு எடையையும் அந்த ஒரு குதிகாலில் இறக்கி, ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்த அடி. தேவாலயக் கூட்டம் நடக்கும் வீடானாலும் சரி, கடையானாலும் சரி. இருபத்து நாலு வருடம் ட்ரெய்லர் தொழிற்சாலையில் தரை போட்டவர் அவர். காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடுகளுக்கு அடியில் கிடக்கிற தரை. அது எவ்வளவு மெல்லியது என்று தெரிந்த யாரும் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைக்கிறேன். இப்போது நானும் அப்படித்தான் நடக்கிறேன்.

நான் அவர்களுடைய வேன் ஓட்டுகிறவன். பழைய முறைப்படி, கார் மின்சாரம் எதுவும் சொந்தமாக வைக்காமல் வாழும் கிறிஸ்தவ சபைக்காரர்கள், ஆமிஷ்காரர்கள். கார் ஓட்டக்கூடாது, ஏறிப் போகலாம். அதனால் இண்டியானாவின் இந்த மூலையில் என்னைப்போல நிறைய டிரைவர்கள் உண்டு. விடியுமுன் நாலரை மணிக்கு வைக்கோல் தொப்பியும் சாப்பாட்டுப் பெட்டியுமாக ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை வாசலில் இறக்குவேன். பிறகு காத்திருப்பேன். எனக்கு அதிகம் பேச்சு வராது. காத்திருக்கும் வேலை எனக்கு ஒத்துவந்தது. மடியில் ஏதாவது கவிதைப் புத்தகம் இருக்கும். ஓர்வா ஒருமுறை அதை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, பக்கத்துல பாதிகூட எழுதல? மீதி இடத்தை எதுக்கு விட்டிருக்கான்?"

"அப்படித்தான் அண்ணே எழுதுவாங்க."

"எங்க லைன்ல இப்படி இடம் விட்டா தண்ணி உள்ள போயிடும்."

வேன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பார்.

அந்தத் தொழிற்சாலையில் மணிக்கணக்குச் சம்பளம் கிடையாது. ஒரு நாளைக்குப் பதினாலு ட்ரெய்லர். பதினாலும் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். பத்து மணிக்கு முடித்தால் பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு முடித்தால் பன்னிரண்டுக்கு. அதனால் அங்கே யாரும் நடப்பதில்லை, எல்லோரும் ஓடுவார்கள். பசைத் துப்பாக்கியோடு ஓடுவார்கள், ஸ்டேபிள் அடித்துக்கொண்டே ஓடுவார்கள். மாடு, வயல், கொட்டகை எல்லாம் வீட்டில் காத்திருக்கும்போது யாருக்குத்தான் கால் நிற்கும்? முதல் இடம் ஓர்வாவின் ஆட்களுக்கு. தரை நகர்ந்தால்தான் சுவர் வரும், சுவர் வந்தால்தான் கூரை. தரைக்காரர்கள் சுணங்கினால் தொழிற்சாலை முழுக்கக் கத்தும்.

ஓர்வாவுக்கு ஒரே மகள், ரோசெட்டா. ஆறு வருடத்துக்கு முன் நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை மெர்வின் ஹாக்ஸ்டெட்லர். நானூறு பேருக்கு வீட்டிலேயே சமையல். போன வருடம் இளம் குடும்பங்கள் நாலைந்து நிலம் தேடி வடக்கே மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்தபோது மெர்வினும் போனான். வீடு கட்டி முடியும்வரை குடும்பம் தங்க ஒரு ட்ரெய்லர் வேண்டும். ஓர்வாதான் பழைய ட்ரெய்லர்களாகத் தேடி அலைந்தார். நான்தான் வேனில் கூட்டிப்போனேன். மூன்றாவது நாள் ஒரு பண்ணை முற்றத்தில் நின்ற ட்ரெய்லரின் கதவோரம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுச் சின்னப் பையன்போலத் திரும்பினார்.

"தம்பி, இங்க வா. தேதியைப் பாரு."

செய்த தேதி: ரோசெட்டாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள். உள்ளே போய் சோபாவுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையின் ஓரத்தில் பென்சிலில் ஒரு சின்னக் கோழி. அவர் போடும் தரையில் எல்லாம் அந்தக் கோழியை வரைவார்.

"என் கையில போட்டது. அவ கல்யாண வாரத்துல பிறந்தது. இதைவிட என்ன வேணும்?"

அன்று குதிகாலைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன். கவனித்து என்ன, சொல்லவில்லை.

இந்த அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை. வேனில் ஓர்வா மகளின் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். அவர்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனைக் குடிசையில் மூன்று குடும்பத்துக்குச் சேர்த்து ஒன்று இருக்கும், பேசினால் பதிவாகும், யாராவது நடந்துபோய்க் கேட்டால் உண்டு. சேதி எல்லாம் கடிதத்தில்தான்.

"வீட்டுக்கு மரச்சட்டம் நிறுத்தியாச்சாம். மெர்வின் மரம் அறுக்கிற மில்லுக்கு வேலைக்குப் போறானாம்... என் பேத்தி லீனா அடுப்பு அலமாரிக்கு முன்னால குதிச்சுக் குதிச்சு விளையாடறாளாம், அங்க தரை ரொட்டி மாவு மாதிரி மெத்துன்னு இருக்காம்." தாளைத் திருப்பினார். "ம்... தரையோரமா ஒரு டப்பா ராத்திரியெல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்திட்டே இருந்துச்சாம், குழந்தை தூங்கல, மெர்வின் வயரை வெட்டிட்டானாம். இப்ப நிம்மதியாம். குளிர் வந்துடுச்சு, இந்த வாரம் ஹீட்டர் போடப்போறோம்னு எழுதியிருக்கா."

"உங்க தரை ரொட்டி மாவா ஆயிடுச்சா அண்ணே? இருபத்து நாலு வருஷம் போட்ட தரை!" ஃப்ரீமன் ஈஷ் பின்சீட்டிலிருந்து கத்தினான். தரைக் குழுவில் ஓர்வாவுக்கு வலதுகை அவன், வாயும் அதற்கேற்றபடி.

"மழைத்தண்ணி எங்கேயாவது ஒழுகியிருக்கும். கிறிஸ்துமஸுக்குப் போனா சரி பண்ணிடலாம்," என்றார் ஓர்வா. கடிதத்தை மடித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தார்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஐந்து பேர் ஓடிவந்து வேனில் ஏறினார்கள். ஓர்வா இல்லை.

"பின்னாடி ரிப்பேர் கொட்டகைக்குக் கூப்பிட்டாங்க. ஏதோ திரும்பி வந்த வண்டி. போய் இழுத்துட்டு வா தம்பி, எனக்கு மாடு கறக்கணும்," என்றான் ஃப்ரீமன்.

கொட்டகையில் ஒரு ட்ரெய்லர் நின்றது. வாசலில் ரிப்பேர் பார்க்கும் டெல்மர். உள்ளே ஓர்வா மண்டியிட்டிருந்தார். அடுப்பு அலமாரியின் கதவைக் கழற்றியிருந்தார்கள். அதற்குள் தரைமேல் உட்கார வேண்டிய ஹீட்டர் பின்பக்கம் சாய்ந்து கிடந்தது, பல்லாங்குழியில் கல் சரிந்ததுபோல. ஹீட்டரிலிருந்து சுவர் வழியாக வெளியே போகவேண்டிய புகைக்குழாய் விலகி ஒரு விரல் இடைவெளி. தரைப்பலகையை ஓர்வா பிய்த்துப் பார்த்திருந்தார். கையில் ஈரமான கருப்புத் தூள், காப்பிச் சக்கை மாதிரி.

"ஒஹாயோகாரங்க வண்டி," டெல்மர் என்னிடம் சொன்னார். "புகை முழுக்க உள்ளேயே வந்திருக்கு. வாசனையே இல்லாத விஷம் பாரு. நாய் செத்துப்போச்சு. அந்த வீட்டுப் பொண்ணு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில. நல்லவேளை, விஷப்புகை வந்தா கத்தற டப்பா கத்தியிருக்கு, இல்லன்னா குடும்பமே..."

ஓர்வா எழுந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் இறங்கி, கதவோரச் சீட்டைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார். அவருடைய உதடு தேதியைச் சொல்வது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நவம்பர், அதே வருடம், அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை.

"தம்பி, வேன்ல பெட்ரோல் எவ்வளவு இருக்கு?" என்றார்.

ஃப்ரீமனிடம் மட்டும் நின்று சொன்னார். மற்றவர்களுக்கு வேறு வேன் பிடிக்கச் சொன்னார். ஃப்ரீமனின் முகத்தில் இருந்த கேலி அப்படியே வழித்து எடுத்ததுபோல் போய்விட்டது.

"அந்த வாரமா அண்ணே?"

"அந்த வாரந்தான்."

"நானும் வரவா?"

"வேணாம். என் வீட்டுல லூயெல்லா கேட்டா வேலை நீண்டுடுச்சுன்னு சொல்லு. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிய வேணாம்."

கிளம்பும்போது பன்னிரண்டே கால். மிச்சிகனில் கிளேர் ஊரையும் தாண்டிப் போகவேண்டும், நாலு மணி நேரம். என் கைபேசியில் அந்தத் தொலைபேசிக் குடிசைக்கு அடித்து அவர் கையில் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆளில்லாத குடிசையில் அது அடிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. பிறகு பதிவுச் சத்தம்.

"ரோசெட்டா... அப்பா பேசறேன்." எதிரில் ஆள் இருப்பதுபோலப் பதிலுக்குக் காத்திருந்தார். "ஹீட்டரைப் போடாதம்மா. போட்டிருந்தா அணைச்சிடு. புள்ளைங்களை வெளிய கொண்டு வந்துடு. நான் சொல்றது கேக்குதா? ஹீட்டரை..." நேரம் முடிந்து தொடர்பு அறுந்தது. கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்த ஊர் போலீசுக்குச் சொல்லட்டுமா?"

பொதுவாக அவர்கள் போலீசைத் தேடிப் போகமாட்டார்கள். உடனே சொன்னார்: "சொல்லு. யாருக்கு வேணாலும் சொல்லு."

எடுத்தவள் பொறுமையாகத்தான் கேட்டாள். "மெர்வின் ஹாக்ஸ்டெட்லரா? இங்க அந்தப் பேர்ல நாலு பேர் இருக்காங்கப்பா. எந்த ரோடு, என்ன நம்பர்?"

ஓர்வா கடிதத்தின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தபால்பெட்டி எண் மட்டும்தான் இருந்தது. வீடே இன்னும் கட்டாததால் வீட்டுக்கு எண் இல்லை.

"வடக்கால... ஒரு மண்ரோடு. முனையில ரெண்டு பிர்ச் மரம். மஞ்சளா இருக்கும் இப்ப."

"இங்க எல்லா முனையிலயும் அதுதான் இருக்கு," என்றாள். கேலி இல்லை, அவளுக்கும் பதற்றம் ஒட்டிக்கொண்டது. "ஆளை அனுப்பறேன். தேடிப் பார்க்கச் சொல்றேன். நீங்களும் வாங்க."

நெடுஞ்சாலையில் ஏறினோம். எதிரில் ட்ரெய்லர்கள் வந்துகொண்டே இருந்தன, தெற்கே குளிருக்குத் தப்பிப் போகிறவர்கள். ஒவ்வொன்றும் கடக்கும்போது அவருடைய வலது குதிகால் வேனின் தரையை அழுத்தியது. தெரிந்து செய்கிறாரா என்று தெரியவில்லை. நான் வேகமுள்ளைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன், அந்தக் குதிகாலைப் பார்த்தேன்.

பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"தரையில குழாய் போறதுக்கு, ஹீட்டருக்கு எல்லாம் ஓட்டை வெட்டுவோம். வெட்டின இடத்துல பலகையோட சதை வெளிய தெரியும். அதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் உறிஞ்சிக்கும். அதனால ஒருத்தன் டப்பாவும் பிரஷ்ஷுமா வந்து ஓரமெல்லாம் பூசணும். நாலு நிமிஷ வேலை. ஒரு தரைக்கு நாலு நிமிஷம்."

"ம்."

"பதினாலு தரைக்கு ஒரு மணி நேரம்."

முன்னால் போன லாரியைத் தாண்டினேன்.

"கல்யாணத்துக்குப் பெஞ்சு வண்டி வரணும், அடுப்பு வண்டி வரணும், நானூறு பேர். நூத்தம்பது கோழி. லூயெல்லா தனியா கிடந்து அல்லாடறா. நான் பதினொண்ணுக்கு வீட்டுக்குப் போனா போதாது. அப்பத்தான் ஃப்ரீமன் சொன்னான். 'அண்ணே, பூசறதை மூணு நாளைக்கு விட்டுடுவோம், அடியில கருப்புத் தாளு இருக்கு, டேப் ஒட்டிட்டா எதுவும் ஆகாது. பத்து மணிக்கு வீட்டுக்குப் போங்க. மூணு நாள், மூணு மணி நேரம். அதுதான் நாங்க வைக்கிற மொய்னு வச்சுக்கங்க.' எல்லாரும் கை தட்டினாங்க. நானும்..."

எதிரில் இன்னொரு ட்ரெய்லர் கடந்தது. குதிகால் அழுந்தியது.

"நான் சிரிச்சேன் தம்பி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. பூசறது என் வேலை. டப்பா என் கையில இருந்துச்சு. மூடி போட்டு வச்சேன்."

கிராண்ட் ராபிட்ஸ் தாண்டினோம். பெட்ரோல் போட நின்றபோது அவர் இறங்கவே இல்லை. நான் காப்பியும் ரொட்டியும் வாங்கிவந்தேன். அவருடைய சாப்பாட்டுப் பெட்டியிலேயே கடலை வெண்ணெய் ரொட்டி தொடாமல் இருந்தது. குடிசைக்கு இன்னும் மூன்று முறை அடித்துப் பார்த்தோம். மூன்றாவது முறை அவர் பேசவில்லை, மூச்சு மட்டும் பதிவானது.

"ராத்திரி அங்க உறைஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

வயல்களில் பூசணிக்கொடிகள் கருகிக் கிடந்தன. இண்டியானாவில் இன்னும் கருகவில்லை. "தெரியலண்ணே," என்றேன். எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது, விவசாயிதானே.

கிளேர் தாண்டியதும் போலீசிலிருந்து அழைப்பு. ஆள் இரண்டு ஹாக்ஸ்டெட்லர் வீடுகளைப் பார்த்துவிட்டானாம், இரண்டிலும் ட்ரெய்லர் இல்லை, மூன்றாவதைத் தேடுகிறானாம். "சீக்கிரம் போங்க," என்றாள் அவள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாலரைக்குச் சற்று முன் அந்த மண்பாதை. முனையில் இரண்டு பிர்ச் மரங்கள் மஞ்சளாக நின்றன. உள்ளே புது வீட்டின் மரச்சட்டம், கூரையில்லாமல். அதற்கு அப்பால் ட்ரெய்லர். கொடியில் சின்னக் கருப்புக் காலுறைகள் விறைத்துத் தொங்கின. ஆள் நடமாட்டம் இல்லை. குதிரைவண்டியும் இல்லை. மெர்வின் மில்லில் இருப்பான்.

வேன் நிற்குமுன் ஓர்வா குதித்துவிட்டார். கதவுக்கு ஓடவில்லை. ட்ரெய்லரின் பக்கச் சுவரில் ஹீட்டரின் புகை வெளியே வரும் துவாரத்துக்கு ஓடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். ஹீட்டர் ஓடினால் கை வைக்க முடியாது, பொத்துப்போகும். அவர் கையை எடுக்கவேயில்லை.

"ஜில்லுன்னு இருக்கு," என்றார்.

"அப்ப ஹீட்டர் போடல அண்ணே!" என்றேன். எனக்கு உயிர் வந்தது.

"சத்தத்தைக் கேளு."

உள்ளே ஹீட்டரின் விசிறி உறுமிக்கொண்டிருந்தது. அப்படியானால் புகை முழுக்க உள்ளேதான்.

அதற்குப் பிறகு அவர் கதவில் இருந்தார். பிடியைத் திருகி இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார், காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். கதவு சட்டத்தில் கவ்விக்கொண்டு அசையவில்லை. "ரோசெட்டா! ரோசெட்டா!" உள்ளே பதில் இல்லை. நான் ஜன்னலை உடைக்கக் கல் தேடினேன், அந்த முற்றத்தில் ஒரு கல் கிடைக்கவில்லை, மரத்தூள்தான் எங்கும். அவர் குதிகாலால் கதவை உதைத்தார். அந்த உதையின் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது, அட்டைப்பெட்டியை உதைப்பதுபோல. அவ்வளவு மெல்லிய சுவரும் திறக்க மறுத்தது.

"எதுக்குப்பா கதவை உடைக்கறீங்க?"

பின்னால் ரோசெட்டா நின்றாள். கையில் தண்ணீர் வாளி. முகம் மாவுபோல வெளுத்திருந்தது. "குழந்தைங்க தூங்குதுங்க. கதவு தரையோட சேர்ந்து இறங்கிப்போச்சு, இப்படித் தூக்கித் திறக்கணும்." ஒரு கையால் பிடியை மேலே தூக்கினாள். கதவு சாதாரணமாகத் திறந்தது.

அவளைத் தள்ளிக்கொண்டு ஓர்வா உள்ளே போனார். நானும் போனேன். உள்ளே ஒரு வாசனையும் இல்லை. கதகதப்பாக, பால் காய்ச்சின வீடுபோல இருந்தது. அதுதான் மிகவும் பயமாக இருந்தது. அடுப்பு அலமாரியின் முன்னால் என் கால் அமிழ்ந்தது. கட்டிலில் லீனாவும் ஏழு மாதக் குழந்தையும் ஒரே போர்வையில், கன்னம் சிவந்து, அத்தனை அழகாக. ஓர்வா லீனாவைத் தூக்கினார். தலை பின்னால் தொங்கியது.

குழந்தையை நான் தூக்கினேன். அதுவரை நான் ஒரு குழந்தையையும் தூக்கியதில்லை.

வெளியே குளிர்காற்றில் கைக்குழந்தை முதலில் முகம் சுளித்தது, பிறகு கத்தியது. லீனா கத்தவில்லை. ஓர்வா புல்லில் உட்கார்ந்து அவளைக் குலுக்கினார், கன்னத்தில் தட்டினார், அவர்கள் பாஷையில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ரோசெட்டா வாளியை வைக்க மறந்து நின்றாள்.

"எனக்கு ரெண்டு நாளா தலைவலி, வாந்திப்பா. மறுபடி உண்டாயிட்டேன்னு நினைச்சேன்... அதனாலதான் காத்துக்காக அடிக்கடி வெளிய... லீனா? லீனாவுக்கு என்னப்பா?"

லீனா தாத்தாவின் கோட்டில் வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த வாந்தியை ஓர்வா இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

பாதை முனையில் போலீஸ் வண்டி அப்போதுதான் திரும்பியது. நாலாவது ஹாக்ஸ்டெட்லரைத் தேடி வந்தவன், ஆஸ்பத்திரிவரை எங்களுக்கு முன்னால் விளக்குப் போட்டு ஓடினான். மூன்று பேருக்கும் முகமூடி போட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். டாக்டர் பெண் ரோசெட்டாவிடம் கணக்குக் கேட்டாள், எப்போதெல்லாம் ஹீட்டர் போட்டீர்கள் என்று. நேற்றும் இன்று மதியமும்தான். இன்று இரவு முழுக்க ஓடவிட்டிருந்தால் என்று தொடங்கியவள் ஓர்வாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மில்லிலிருந்து மெர்வின் மரத்தூளோடு வந்து சேர்ந்தபின், ஓர்வா மகளின் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பிரஷ், டப்பா, நாலு நிமிடம், மொய். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலதிகாரிக்கு முன் நிற்பதுபோல நின்று சொன்னார். மெர்வின் வயரை வெட்டின கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரோசெட்டா முகமூடியை விலக்கினாள்.

"அந்த மூணு நாளும் நீங்க பத்து மணிக்கே வீட்டுக்கு வந்தீங்க. அப்பா எனக்காகச் சீக்கிரம் வந்தார்னு எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா." மூச்சு வாங்கினாள். "இனிமே எப்படிப்பா சொல்றது அதை?"

முகமூடியை அவரே மறுபடி எடுத்து மகளின் முகத்தில் சரியாகப் பொருத்தினார்.

மூன்று நாள், நாளைக்குப் பதினாலு. நாற்பத்திரண்டு தரை. ஒன்று கொட்டகையில், ஒன்று பிர்ச் மரத்தடியில். மீதி நாற்பது.

ஓர்வா தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனார். கேட்டுக்கொண்டார்கள், எழுதிக்கொண்டார்கள், முதலில் வாங்கியவர்களுக்குக் கடிதம் அனுப்புவோம் என்றார்கள். ஆறு வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும் என்று கேட்டார். அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். சபையிலும் போய் எல்லோர் முன்னும் மண்டியிட்டுச் சொன்னார். சபை மன்னித்தது, கைகொடுத்து எழுப்பியது. வெளியே வந்து வேனில் ஏறியபோது, "இவங்க மன்னிச்சது அந்தப் பலகைக்குத் தெரியாதே தம்பி," என்றார்.

இப்போது தரை லைனில் பூசும் டப்பாவை வேறு யாரும் தொட முடியாது. பூசி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி பூசுவார். வேன் ஒரு மணிக்குமேல்தான் கிளம்புகிறது. சுவர்க்காரர்கள் கத்துகிறார்கள். "லாம்ப்ரைட், படமா வரையற? சீக்கிரம் தள்ளுய்யா!" ஃப்ரீமன்தான் பதிலுக்குக் கத்துகிறான்: "பொறுத்துக்கடா, உன் பொண்டாட்டி ஓடிப்போயிட மாட்டா!" அவனுடைய மாடுகளை இப்போது பக்கத்துவீட்டுக்காரி கறக்கிறாள். கோழி மட்டும் வரைவதில்லை என்று ஃப்ரீமன் சொன்னான். பென்சிலைக் கொண்டுவருவதே இல்லையாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ட்ரெய்லர் நின்றால் வேனை நிறுத்தச் சொல்வார். கடை வாசல், முகாம் மைதானம், யாரோ வீட்டுக் கொல்லை. மற்ற ஐந்து பேரும் முணுமுணுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பின்சீட்டுக்கு அடியில் பூசும் டப்பாவும் பிரஷ்ஷும் தயாராக இருக்கும். அவர் போய்க் கதவோரச் சீட்டைப் படிப்பார். பெரும்பாலும் வேறு வருடம், வேறு மாதம். குனிந்து குனிந்து முதுகுவலி வந்துவிட்டது. இதுவரை இரண்டு கிடைத்தன. மீதி முப்பத்தெட்டு எங்கே, எந்த மாநிலத்தில், எந்தக் குளிரில் என்று யாருக்குத் தெரியும். ட்ரெய்லர் சாலையில் போவதற்கென்றே செய்த பொருள்.

போன வெள்ளிக்கிழமை இரும்புக்கடை வாசலில் ஒன்று நின்றது. பனி தூறிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஒரு வயசாளி, காப்பிக் கோப்பையோடு வெளியே நின்றார். உள்ளே அவர் மனைவி இருந்தாள். ஓர்வா தொப்பியைக் கழற்றி ஏதோ கேட்டார். சீட்டைப் படித்தார். வழக்கமாகப் படித்தவுடன் திரும்பி வந்துவிடுவார். அன்று திரும்பவில்லை, படியேறி உள்ளே போனார்.

நான் எஞ்சினை அணைத்தேன். பின்சீட்டில் ஃப்ரீமன் முன்னால் சாய்ந்தான்.

வயசாளி வேன் ஜன்னலுக்கு வந்தார். "என்னப்பா உங்க ஆளு, உள்ள போய் ஒத்தைக்கால்ல நிக்கறாரு? எம் பொண்டாட்டி சிரிக்கறா."

நான் ட்ரெய்லரின் கதவையே பார்த்தேன். அது மூடியிருந்தது. பிறகு சட்டத்தில் கவ்விக்கொண்டு அசைந்தது, இரண்டு முறை, மூன்று முறை. கடைசியில் யாரோ உள்ளிருந்து அதைத் தூக்கித் திறந்தார்கள்.

ஓர்வா வாசலில் நின்றார். அந்த அம்மாவின் கை அவர் கைக்குள் இருந்தது.

"ஃப்ரீமன்," என்றார், சத்தம் போடாமல். "பூசற டப்பாவை எடுத்துட்டு வா. தம்பி, நீ ஹீட்டரை அணை."

நான் உள்ளே போனேன். முதலில் குதிகாலை வைத்தேன்.